விஷாகா வீட்டுச் சிடார் கூரை

விஷாகா யார் சொல்வதையும் முதல் தடவையே நம்பிவிடுகிறவள் இல்லை. அவள் பிழைப்பும் அப்படி அமைந்துவிட்டது. கலிபோர்னியாவில், ஹேவர்டில் ஒரு மருந்து கம்பெனியில் அவள் குவாலிட்டி ஆடிட்டர். மூலப்பொருள் அனுப்புகிற தொழிற்சாலைகளுக்குப் போவாள். அவர்கள் காட்டுகிற அறைகளையெல்லாம் பார்த்துத் தலையாட்டிவிட்டு, காட்டாத அறைக்குக் கதவு எந்தப் பக்கம் என்று கேட்பாள். அந்தக் கேள்வியில் முகம் வெளுத்துப்போன மேனேஜர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள்.

வேலைக்கு வந்த பிறகு ஒட்டிக்கொண்ட பழக்கம் என்றும் சொல்ல முடியாது. அயனாவரத்தில் கெமிஸ்ட்ரி படித்து முடித்த வருஷம் அச்சுதன் வீட்டார் அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். எல்லோருக்கும் பிடித்திருந்தது. விஷாகா மட்டும் பதில் சொல்லாமல் ஒரு வாரம் இழுத்தடித்தாள். பிறகு தோழி சண்முகப்ரியாவைக் கூட்டிக்கொண்டு கிண்டியில் அச்சுதன் வேலை பார்த்த ஆபீஸ் எதிரே இருந்த பஸ் ஸ்டாப்பில் போய் நின்றாள். சாயங்காலம் அவன் வெளியே வந்தான். வண்டிக்காரனிடம் வெள்ளரிப்பிஞ்சு வாங்கினான், கொடுத்த மீதியைப் பார்க்காமலேயே பையில் போட்டுக்கொண்டு போனான். இவன் யாரையும் ஏமாற்ற மாட்டான், எல்லோரிடமும் ஏமாறுவான் என்று விஷாகா முடிவுகட்டினாள். அது தன்னால் சமாளிக்கக்கூடிய குறைதான் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து சம்மதம் சொன்னாள்.

அவள் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அமெரிக்கா வந்த பிறகு கார் வாங்கியது, வீட்டுக் கடன் எடுத்தது, மகள் வான்மதிக்குக் காலேஜ் பார்த்தது எல்லாம் விஷாகாவின் சோதனையைத் தாண்டித்தான் நடந்தன. அச்சுதன் பக்கத்தில் உட்கார்ந்து புன்னகை செய்வான். அவன் பிடிவாதம் பிடித்தது ஒரே ஒரு தடவை, பிளசன்டனில் இந்த வீட்டை வாங்கியபோது. ஊரின் மேற்கு ஓரத்தில், மலைச்சரிவு தொடங்குகிற இடத்தில் இருந்த வீடு. கூரை முழுக்கக் கையால் பிளந்த சிடார் மரப்பலகைகள். ஊட்டி பங்களா மாதிரி இருக்கிறது என்று அச்சுதன் சொக்கிப்போனான். விறகைத் தலைக்கு மேல் அடுக்கி வைத்துக்கொண்டு யாராவது தூங்குவார்களா என்று விஷாகா கேட்டாள். அந்தத் தடவை அவன் விட்டுக்கொடுக்கவில்லை. வீடு வாங்கினார்கள், கூரையும் வெயிலில் வெளுத்து வெள்ளிச் சாம்பல் நிறமானது.

இந்த நிலையில்தான் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் போன் செய்தார். மேலிருந்து எடுத்த படத்தில் உங்கள் வீட்டுக் கூரை மரம் என்று தெரிகிறது, காட்டுத்தீ அபாயத்தால் கம்பெனி இனி மரக்கூரை வீடுகளுக்குப் பாலிசியைப் புதுப்பிக்காது, மாற்றிவிட்டால் மறுபடி யோசிப்பார்கள் என்றார். யார் எடுத்தது, எப்போது எடுத்தது, பக்கத்து வீட்டுப் படமாக இருந்தால் என்ன செய்வது என்று விஷாகா கேட்டாள். அவர் படத்தை அனுப்பிவைத்தார். சந்தேகமே இல்லை, அவர்கள் வீடுதான். பின்கட்டில் மேஜைமேல் விரித்த வெள்ளை வேட்டியில் அவள் பிழிந்து காயவைத்திருந்த வடாம்கூடத் தெரிந்தது. ஒரு கோடை காலம் முழுக்க யாரோ தலைக்கு மேலே பறந்து தன் வடாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்ற எண்ணம் கூரையைவிட அவளை அதிகம் உறுத்தியது.

அடுத்து வந்தவன் தானாகவே வந்தான். ஒரு சனிக்கிழமை கதவைத் தட்டி, இந்தத் தெருவில் வேலை செய்கிறேன், போகிறபோது பார்த்தேன், உங்கள் கூரையில் பலகைகள் பெயர்ந்திருக்கின்றன, இலவசமாக ஏறிப் பார்க்கட்டுமா என்றான். விஷாகா வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அச்சுதன் அவனுக்குக் காபி கொண்டுவந்துவிட்டான். ஏறி இறங்கியவன் போனில் படம் காட்டினான். பிளந்து, பூஞ்சை பிடித்து, நடுவே ஓட்டை விழுந்த பலகைகள். நாளைக்கே ஆரம்பிக்கலாம் என்றான். விஷாகா போனை வாங்கி, விரலால் படத்தைப் பெரிதாக்கி, ஓரத்துக்கு ஓரம் பார்த்தாள். இடது மூலையில் ஒரு டிஷ் ஆன்டெனாவின் கால் தெரிந்தது. அந்த வீட்டில் என்றைக்கும் டிஷ் இருந்ததில்லை. எங்கள் டிஷ் எங்கே இருக்கிறது, கொஞ்சம் காட்டுங்கள் என்று அவனை வெளியே கூப்பிட்டாள். அவன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே ஏணியை மடக்கினான். காபி பாதிக் கோப்பை மீந்திருந்தது.

"பாத்தீங்களா?" என்றாள் கணவனிடம்.

"பாத்தேன்" என்றான் அச்சுதன். காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். அவள் மனசு மட்டும் நன்றாகக் கூர்தீட்டப்பட்ட கத்தி மாதிரி ஆகிவிட்டது. இனி இந்தக் கூரை விஷயத்தில் யார் வாய் திறந்தாலும் அது பொய் என்று வைத்துக்கொண்டே தொடங்குவது என்று தீர்மானித்தாள்.

பிறகு முறையாக விசாரித்து இரண்டு மூன்று பேரை வரவழைத்தாள். ஒருவர் கான்கிரீட் ஓடுதான் போடவேண்டும் என்றார். அந்தக் கனத்தை வீட்டுச் சட்டம் தாங்குமா என்று எஞ்சினியர் பார்க்கவேண்டாமா என்று கேட்டபோது பேச்சை மாற்றினார். இன்னொருவர் தகரக்கூரைதான் ஆயுசுக்கும் நிற்கும் என்றார், மற்றதைப் பற்றிக் கேட்டால் சிரித்தார். கடைசியாக வந்தவள் டெனீஸ் சில்வா என்ற பெண்மணி. அப்பா காலத்திலிருந்து பக்கத்து ஊர் லிவர்மோரில் கூரை வேலை செய்கிற குடும்பம். அவள் சாம்பிள்களைப் பின்கட்டு மேஜையில் பரப்பினாள். தார் அட்டையில் கல்துகள் பதித்த காம்ப் ஷிங்கிள் ஒன்று, தகரத் துண்டு ஒன்று, பார்க்க அசல் சிடார் போலவே இருக்கிற பிளாஸ்டிக் பலகை ஒன்று. எதைப் போட்டாலும் முதலில் கூரை முழுக்கப் பிளைவுட் அடிக்கவேண்டும் என்றாள். சிடார் பலகைகளுக்குக் கீழே இடைவெளி விட்டுச் சட்டங்கள் மட்டும்தான் அடித்திருப்பார்கள், அதன்மேல் வேறு எதுவும் உட்காராது என்பது அவள் வாதம்.

மற்றவர்கள் யாரும் பிளைவுட் என்ற வார்த்தையையே சொல்லவில்லை. எனவே இது கூடுதலாக வேலை பிடுங்குகிற தந்திரம் என்று விஷாகா நினைத்தாள். சில்வா போனதும் ஏணி வைத்துப் பரணில் ஏறினாள். உள்ளே டார்ச் தேவைப்படவில்லை. சட்டங்களுக்கு நடுவே பலகை இடுக்குகள் வழியாக வெயில் ஊசி ஊசியாக இறங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் வானத்துக்கும் தங்களுக்கும் நடுவே இருந்தது இவ்வளவுதானா என்று பார்த்தபடியே குனிந்து நின்றாள். சில்வா இந்த விஷயத்தில் பொய் சொல்லவில்லை. வேறு எதில் சொல்கிறாளோ பார்க்கலாம் என்று இறங்கி வந்தாள்.

சாம்பிள்களையும் அவள் சும்மா விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்பிக்யூ அடுப்பில் கரி மூட்டினாள். நன்றாகக் கனிந்த துண்டுகளை இடுக்கியால் எடுத்து ஒவ்வொரு சாம்பிள்மேலும் வைத்தாள். கூடவே கூரையிலிருந்து விழுந்த பழைய சிடார் துண்டு ஒன்றையும் வரிசையில் வைத்தாள். தகரம் சும்மா சூடானது. ஷிங்கிளின் கல்துகள் கறுத்து அடங்கியது. பிளாஸ்டிக் பலகை குழிந்து நாற்றமடித்தது. சிடார் முதலில் ஒன்றுமே செய்யவில்லை. ஓரமாக ஒரு கோடு சிவந்து ஊர்ந்தது. காற்று ஒரு தடவை வீசியதும் குப்பென்று பிடித்துக்கொண்டது. விஷாகா தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டு நிமிர்ந்தாள். சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் அச்சுதன் நின்றிருந்தான். அவன் முகம் வெளிறியிருந்தது. அவள் பார்ப்பதைக் கண்டதும் சட்டென்று உள்ளே போய்விட்டான்.

அங்கேதான் அவளுக்குக் கணவன்மேல் முதல் சந்தேகம் விழுந்தது.

அதற்குப் பிறகு எல்லாமே வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. எந்த விஷயத்திலும் கருத்து சொல்லாத அச்சுதன், கூரை விஷயத்தில் மட்டும் காம்ப் ஷிங்கிள் போதும், சீக்கிரம் முடித்துவிடு என்று திரும்பத் திரும்பச் சொன்னான். தகரம் போட்டால் நம் காலம் முழுக்க வருமே என்று அவள் சொன்னதற்கு, "நாம எத்தன வருஷம் இங்க இருக்கப்போறோம் விஷா?" என்று கேட்டுவிட்டு எழுந்துபோனான். போன் வந்தால் தோட்டத்துக்குப் போய்ப் பேசினான். ஒருநாள் டெனீஸ் சில்வா சாதாரணமாக ஒரு வார்த்தை விட்டாள்: வாரன்டி அடுத்து வீடு வாங்குகிறவர்களுக்கும் செல்லுபடியாகும் என்று உங்கள் கணவரிடம் சொல்லிவிட்டேன், விற்பதாக இருந்தால் அது நல்ல விஷயம்தான் என்றாள். விஷாகா தனக்குத் தெரிந்த சங்கதி மாதிரியே தலையாட்டினாள். ஆடிட்டில் பழகிய தலையாட்டல் அது.

டெக்சஸில், சுகர் லேண்டில் இருந்த வான்மதிக்குப் போன் போட்டாள். அப்பா உன்னிடம் வீட்டைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று சுற்றிவளைத்துக் கேட்டாள். வான்மதி வழக்கம்போல் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். அதை நீ அப்பாவிடமே கேள் அம்மா என்றாள். ஒன்றும் தெரியாதவள் அப்படிச் சொல்லமாட்டாள். ஆக மகளுக்கும் தெரியும், தனக்கு மட்டும்தான் தெரியாது. முப்பது வருஷ வாழ்க்கையில் தன்னிடமிருந்து ஒரு கதவை மூடி வைத்துக்கொள்ள அச்சுதனுக்குத் தெரியும் என்பதே அவளுக்குப் புதுசாக இருந்தது. கேட்டுவிடலாம் என்று தினமும் நினைத்தாள். கேட்டால் அவன் உஷாராகிவிடுவான் என்று தினமும் தள்ளிப்போட்டாள்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை அவள் கார் சர்வீஸுக்குப் போயிருந்தது. அச்சுதனின் காரை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊரான டப்ளினில் இருக்கிற இந்தியன் ஸ்டோருக்குப் போனாள். காலையிலிருந்தே காய்ந்த காற்று. பார்க்கிங்கில் தள்ளுவண்டிகள் தாமாகவே உருண்டன. அரிசி மூட்டையை வைக்க டிக்கியைத் திறந்தபோது உள்ளே ஒரு பெட்டி இருந்தது. ஊருக்குப் போகும்போது எடுத்துப்போகிற நீலப் பெட்டி. தூக்கிப் பார்த்தாள், கனமாக இருந்தது. ஜிப்பைப் பாதி திறந்தாள். அச்சுதனின் சட்டைகள், ஷேவிங் செட், பாஸ்போர்ட், பிளாஸ்டிக் உறையில் அவனுடைய டிகிரி சர்டிபிகேட்.

எத்தனையோ தொழிற்சாலைகளில் எத்தனையோ பெட்டிகளைக் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்தவள், அன்றைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை என்பதுதான் நிஜம். ஜிப்பை மூடினாள். அரிசி மூட்டையைப் பின் சீட்டில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் பஸ் ஸ்டாப்பில் நின்ற அந்தச் சாயங்காலமே நினைவுக்கு வந்தது. அன்றைக்குத் தான் சரியாகப் பார்க்கவில்லையோ என்று தோன்றியது.

வீட்டு முன்னால் கார் நின்றபோது அச்சுதன் ஏணிமேல் இருந்தான். கையில் தோட்டத்துக் குழாய். காற்று தண்ணீரை அவன்மேலேயே திருப்பி அடித்தது. சட்டை முழுக்க நனைந்திருந்தது. அதைப் பொருட்படுத்தாமல் கூரையை நனைத்துக்கொண்டிருந்தான். தண்ணீர் பட்ட பலகைகள் கறுத்து, சொட்டுச் சொட்டாக ஓரத்தில் வடிந்தன.

விஷாகா காரைவிட்டு இறங்கி ஏணிக்குக் கீழே போய் நின்றாள்.

"டிக்கில ஒரு பெட்டி இருக்கு."

அவன் திரும்பவில்லை. "காத்து ஜாஸ்தியா இருக்கு விஷா. காட்டுத்தீ வரலாம்னு ரெட் ஃப்ளாக் வார்னிங் போட்டிருக்கான்."

"நான் பெட்டியக் கேட்டேன்."

"அதுக்குத்தான் பெட்டி."

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. அவன் குழாயை மூடாமலேயே இறங்கி வந்தான். தண்ணீர் புல்லில் ஓடியது. நனைந்த சட்டையோடு படியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். காட்டுத்தீப் புகையில் ஏரியா முழுக்க வானம் ஆரஞ்சு நிறத்தில் விடிந்ததே ஒரு வருஷம், அன்றிலிருந்து காற்று வீசினாலே தனக்குத் தூக்கமில்லை. மலைப்பக்கம் புகை தெரிகிறதா என்று காரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவான். வாக்கிங் போகிறேன் என்று அவளிடம் சொன்னதெல்லாம் அதற்காகத்தான். ஒருநாள் ஃப்ரீவேயில் யாரோ எறிந்த சிகரெட்டைப் பார்த்து வண்டியை ஓரங்கட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தானாம். வான்மதியிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். மரக்கூரைக்குக் கீழே இன்னொரு வருஷம் தன்னால் முடியாது, கூரையை மாற்றியதும் விற்றுவிட்டுச் சமவெளியில் எங்கேயாவது போய்விடலாம் என்பதுதான் அவன் மனசில் இருந்த திட்டம்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது? இந்த வீடுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னது நானு." சட்டை நுனியைப் பிழிந்தான். "அது மட்டும் இல்ல. நீ ப்ரூஃப் கேப்ப. பயத்துக்கு என்ன ப்ரூஃப் குடுக்கறது?"

விஷாகாவுக்குக் கோபம் இன்னும் மீதி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. போய்க் குழாயை மூடினாள். பிறகு டிக்கியைத் திறந்து பெட்டியைப் படிக்கே கொண்டுவந்து முழுசாகத் திறந்தாள். அவன் சட்டைகளுக்குக் கீழே அவளுடைய புடவை இரண்டு, சல்வார்கள், பழைய கண்ணாடி, அவள் பாஸ்போர்ட், அவள் சர்டிபிகேட்டுகள், அவள் தைராய்டு மாத்திரைகள் எல்லாம் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. மேலே இருந்த அவன் சாமான் கொஞ்சம்தான். முக்கால்வாசி அவளுடையது. அவள் மாத்திரை பாட்டிலைத் திருப்பித் தேதியைப் பார்த்தாள்.

"இது எக்ஸ்பைர் ஆயிடுச்சுங்க" என்றாள். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அச்சுதன் அதைக் கவனிக்காதது மாதிரி, மாற்றிவைக்கிறேன் என்றான்.

அன்றைக்கு அவர்கள் கூரையைப் பற்றிப் பேசவில்லை. காற்று அடங்கும்வரை இரண்டு பேரும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த வாரம் விஷாகாதான் பேச்செடுத்தாள். விற்பதா வேண்டாமா என்று பயத்தோடு முடிவு செய்யவேண்டாம், இங்கேயே இருக்கப்போகிறோம் என்று வைத்துக்கொண்டு கூரை போடுவோம், அதற்குக் கீழே ஒரு காற்றுக்காலம் இருந்து பார்ப்போம், அப்புறமும் உங்களால் முடியவில்லை என்றால் நான் ப்ரூஃப் கேட்கமாட்டேன், வீட்டை விற்பனைக்குப் போட்டுவிடலாம் என்றாள். அவன் சம்மதித்தான். எதைப் போடுவது என்ற விஷயத்தில் இரண்டு பேரும் கட்சி மாறிக்கொண்டார்கள். இருப்பதாக இருந்தால் தகரமே போடலாமே என்று அவன் இப்போது இழுத்தான். அவளோ கரி வைத்துப் பார்த்த ஷிங்கிளிலேயே கனமான ரகத்தைப் பிடித்துக்கொண்டாள். தகரத்தின் சாம்பிளை அனுப்பிய ஃபாக்டரியை எனக்குத் தெரியாது, ஷிங்கிளை இந்தத் தெருவில் நாலு வீட்டில் போய்த் தட்டிப் பார்த்துவிட்டேன் என்பது அவள் காரணம். பரணுக்குக் காற்று போகிற துவாரங்களில் தீப்பொறி நுழையாத வலை வைக்கவேண்டும் என்பதையும் சில்வாவிடம் எழுத்தில் வாங்கினாள்.

பழைய சிடாரைப் பிடுங்கிய நாட்களில் விஷாகா லீவு போட்டாள். வேலைக்காரர்கள் உச்சியிலிருந்து பலகைகளைக் கிளறி லாரியில் தள்ளினார்கள். வெளியே வெள்ளியாகத் தெரிந்தவை உள்பக்கம் இன்னும் தேன் நிறத்தில், வாசனையோடு இருந்தன. அச்சுதன் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, தானே கொண்டுபோய் லாரியில் போட்டான். கூரை வெறும் சட்டங்களாக நின்றபோது வீடு சின்னதாகத் தெரிந்தது. பிளைவுட் அடிக்கும்போது ஆணி எங்கெங்கே இறங்குகிறது என்று அவள் கீழேயிருந்து பைனாகுலரில் பார்த்தாள். டெனீஸ் சில்வா அதைப் பார்த்துச் சிரித்தாள், ஆனால் ஒரு இடத்தில் ஆணி சட்டத்தில் பிடிக்கவில்லை என்று விஷாகா சொன்னபோது ஆளை அனுப்பி மறுபடி அடிக்கச் சொன்னாள். சிட்டியிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் நடைபாதையில் நின்றே கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடப்போனார். ஏணி தயாராக இருக்கிறது என்றாள் விஷாகா. அவர் பெருமூச்சு விட்டு ஏறினார். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் பாலிசி தொடரும் என்று சொன்ன பிறகும், இனி மேலிருந்து படம் எடுத்தால் முன்கூட்டியே சொல்லுங்கள் என்று கேட்டாள். அது தன் கையில் இல்லை என்றார் அவர். அன்றிலிருந்து அவள் வடாத்தைப் பின்கட்டு பேட்டியோக் கூரைக்குக் கீழே காயப்போடுகிறாள்.

ஒரு காற்றுக்காலம் கழிந்தது. அச்சுதனின் பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. புதுக் கூரைக்குக் கீழேயும் ஜன்னல் அடித்துக்கொண்டால் அவன் எழுந்து உட்காருவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை லிவர்மோரில் இரண்டு வீடுகளைப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஒன்றின் அஸ்திவாரத்தில் விரிசல் இருப்பதாக விஷாகா சொன்னாள். மற்றது அச்சுதனுக்கே பிடிக்கவில்லை. விற்கிற பேச்சு அப்படியே கிடக்கிறது.

போன அக்டோபரில் விஷாகா ஒரு மருந்துத் தொழிற்சாலையில் ஆடிட் நடத்திக்கொண்டிருந்தாள். சேமிப்பறையில் ஒரு பூட்டுக்குச் சாவி கேட்டு, சாவி வைத்திருப்பவர் லீவு என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்த நேரம். போன் அடித்தது. அச்சுதன்.

"காத்து ஆரம்பிச்சிருச்சு விஷா" என்றான். "எனக்குப் பயமா இருக்கு."

புகை ஏதாவது தெரிகிறதா, நியூஸில் என்ன போட்டிருக்கிறான் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. அவள் கேட்கவில்லை. இதோ வருகிறேன் என்றாள். அந்த மேனேஜரிடம், சாவி நாளைக்குக் காலையில் இங்கே இருக்கவேண்டும், அதுவரை யாரும் இந்தக் கதவைத் தொடக்கூடாது என்று சொல்லி, பூட்டின்மேல் தன் கையெழுத்துப் போட்ட ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுக் கிளம்பினாள். அச்சுதனை வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டு, மலைக்கு எதிர்த்திசையில் டப்ளினுக்கு வண்டியை விட்டாள். அங்கே ஒரு ஹோட்டலில் ஆளுக்கொரு ரவா தோசை சொல்லிவிட்டு, ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து, வெளியே மரங்கள் ஆடி ஓய்கிறவரை காத்திருந்தார்கள்.